பாம்பு கண்ணில் படாத தோட்டம்

இதனை எழுதிவைக்க வேண்டிய கட்டாயம் சென்ற மாதம்தான் எனக்கு ஏற்பட்டது. தாம்பரத்தில் தோட்ட அமைப்பாளர்கள் கூடிய ஒரு கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். அறிமுகம் செய்த இளைஞர், செம்பாக்கம் ஏரிக்கு அப்பால் ஒரு காட்டுக்குள் நான் வீட்டுத் தோட்டம் அமைத்த கதையைச் சொன்னார். நிலத்தின் நான்கு பக்கமும் சிறியாநங்கைச் செடியை நட்டு, அங்கிருந்த பாம்புகள் அனைத்தையும் ஒரே வாரத்தில் நான் விரட்டிவிட்டேனாம். கைதட்டல் எழுந்தது. மறுத்துப் பேச எழுந்தேன். அதற்குள் மாலையைப் போட்டுவிட்டார்கள். மாலை கழுத்தில் கிடக்கும்போது ஒருவன் தன் புகழைத் தானே மறுப்பது எளிதன்று. கூட்டம் கலைந்தபின் இருவர் என்னை நெருங்கி, அச்செடி எந்த நாற்றுப் பண்ணையில் கிடைக்கும் என்று கேட்டார்கள். அவர்கள் அதனை எங்கேனும் நட்டுவிட்டு, வீட்டாரிடம் இனி அச்சமில்லை என்று உறுதி கூறிவிடக் கூடாதே என்ற கவலையில் அன்றிரவே எழுதத் தொடங்கினேன்.

நடந்தது வேறு. நான் ஒரு பாம்பையும் விரட்டவில்லை. காட்டின் கோடியில் தம் போக்கில் வாழ்ந்திருந்த பாம்புகளை வீட்டு வாயில்வரை வரவழைத்தவன் நான். அவற்றைத் திருப்பி அனுப்பும் வழியைக் காட்டியவர் வேறொருவர். இக்கதையில் வரும் கணவரும் மனைவியும் இப்போது இல்லை. அவர்களுடைய மகளின் இசைவு பெற்று, பெயர்களை மட்டும் மாற்றி எழுதுகிறேன்.

நாவலூர்ப் பக்கத்து அடுக்ககங்களுக்குத் தோட்டம் அமைக்கும் இளையோருக்கு ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது வெற்று நிலம். தோட்டம் லாரியில் வந்து இறங்குகிறது. காட்டுக்குள் பணி செய்பவனின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே தோட்டம் முன்பே இருக்கிறது. லாரியில் வந்து இறங்குகிறவர்கள் நாம்தாம்.

எண்பதுகளின் பிற்பகுதியில், ஏரியைச் சுற்றியிருந்த வயல்கள் மனைகளாக மாறத் தொடங்கியிருந்த நாளில், ஞானராஜ் என்பவர் என்னைத் தேடி வந்தார். அஞ்சல் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுவதும் ஊர் ஊராக மாற்றலாகி வாடகை வீடுகளில் வாழ்ந்தவர். உழவுக்கு உதவாதென்று ஊர்க்காரர் ஒருவர் தலைமுறைகளாக விட்டுவைத்திருந்த மேட்டு நிலத்தை அவர் வாங்கியிருந்தார். அதை நிலம் என்பதைவிடக் காடு என்பதே பொருந்தும். வேம்பும் நாவலும் வெப்பாலையும் விளாவும் தோளோடு தோள் நிற்க, அவற்றின் அடியில் காரையும் சூரையும் காட்டெலுமிச்சையும் பின்னிக் கிடந்தன. நடுவே இயல்பாக அமைந்த ஒரு வெளியில் சிறிய வீடு ஒன்றைக் கட்டினார். ஒரு வேப்பங்கிளையைக் காப்பதற்காக மாடிப்படியின் திசையையே மாற்றச் சொல்லி மேஸ்திரியிடம் திட்டு வாங்கியவர் அவர். மீதியுள்ள காட்டுக்குள் ஒரு தோட்டத்தை அமைத்துத் தருவது என் பொறுப்பு.

முதல் சந்திப்பிலேயே அவருடைய மனைவி எஸ்தர் டீச்சர் ஒரு நிபந்தனையை முன்வைத்தார். புரசைவாக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். சொல்வதைத் தேற்றம் போலச் சொல்வார்.

"சார், ஒரு கண்டிஷனோடதான் நான் இங்க குடிவர்றேன். ஒரு வருஷம் பாப்பேன். காம்பவுண்டுக்குள்ள ஒரு பாம்பு, ஒரே ஒரு பாம்பு என் கண்ணுல பட்டாலும் அன்னைக்கே புரசைவாக்கம் பஸ் ஏறிடுவேன். இவரு வேணும்னா மரத்துமேல உக்காந்துக்கட்டும்."

ஞானராஜ் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. டீச்சர் போனால் வீடு போகும். வீடு போனால் காடு போகும். ஏனெனில் அந்தக் காட்டைச் சமன்படுத்தி மனைகளாகப் பிரிக்கக் காத்திருந்த தரகர் ஒருவர், நிபந்தனையை எப்படியோ கேள்விப்பட்டிருந்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வந்து வாயிலில் நின்று, நலம் விசாரிப்பவரைப் போல, "டீச்சர் இன்னும் பாக்கலையா சார்?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அச்சத்தில் இருப்பவன் செய்யும் பிழை பெரும்பாலும் நேர்த்தியான பிழையாக இருக்கும். பாம்பு எங்கே வாழ்கிறது? புதரிலும் சருகிலும். புதரும் சருகும் இல்லையென்றால் பாம்பு இல்லை. இந்த முடிவில் ஓட்டையே இல்லையென்று நம்பினேன். ஆறு ஆட்களை அமர்த்தி, மரங்களை மட்டும் விட்டு, அடிக்காடு முழுவதையும் வெட்டினேன். சருகை லாரியில் ஏற்றி, முடிச்சூரில் ஓர் உழவருக்கு எருவாக அனுப்பினேன். தரை கழுவிய தட்டைப் போலாயிற்று. அது கண்ணுக்கு வெறுமையாகப் பட்டதால், தாழ்வாரத்துக்குப் பத்தடி தொலைவில் பல்லாவரத்துக் கற்களை அடுக்கி ஒரு பாறைத் தோட்டமும், அதனருகே ஓர் அல்லிக்குளமும் அமைத்தேன். அந்நாளில் அதுதான் புதுப்பாங்கு. தைப் பிறப்பை ஒட்டி இருவரும் குடிவந்தார்கள்.

எட்டாம் நாள் எனக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. இரண்டு வரிச் செய்திக்கு உறையை வீணாக்குவது ஞானராஜின் பணியறத்துக்கு ஒவ்வாது. தொலைபேசி அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அட்டையில் இருந்தது இது: "ஐயா, இன்று காலை ஏழு மணியளவில் விருந்தினர் ஒருவர் பாறைத் தோட்டத்திலிருந்து வெளிப்பட்டு, அல்லிக்குளத்தில் சிற்றுண்டி அருந்தித் திரும்பினார். நீளம் ஏறத்தாழ ஆறடி. இல்லாள் அறியார். ஆவன செய்க."

நானும் அட்டையிலேயே மறுமொழி எழுதினேன்: "விருந்தினரை அடிக்க வேண்டாம். அவர் செல்லும் வழியில் நிற்கவும் வேண்டாம். வியாழன் வருகிறேன்."

வியாழனன்று மூவரும் தாழ்வாரத்தில் அமர்ந்து காப்பி அருந்திக்கொண்டிருந்தோம். டீச்சரின் தோளுக்குப் பின்னால் கற்களின் இடுக்கில் ஒரு வால் அசைந்தது. நான் காப்பியை விழுங்கவும் இல்லை, உமிழவும் இல்லை. ஞானராஜ் சட்டென்று எதிர்த்திசையில் வானத்தைக் காட்டி, "எஸ்தர், அங்க பாரு, மரங்கொத்தி" என்றார். அங்கே மரங்கொத்தி இல்லை. அந்தப் பக்கம் கொத்துவதற்கு மரமும் இல்லை. டீச்சர் அத்திசையை நெடுநேரம் பார்த்தார். வால் முழுவதும் மறைந்தபின் தலையைத் திருப்பி, "ஆமா, அழகா இருக்கு" என்றார். நாங்கள் தப்பித்தோமென்று மகிழ்ந்தோம். இல்லாத பறவையை அவர் ஏன் அழகென்றார் என்று ஆராயும் நிலையில் இருவருமே இல்லை.

நான்காவது அட்டையில் விருந்தினர் மூவராகியிருந்தார்கள். அதற்குமேல் என் அறிவை நம்பிப் பயனில்லை என்று உணர்ந்து, வேங்கைவாசல் பக்கத்தில் வாழ்ந்த இருளர் பெண்மணி ஒருவரிடம் போனேன். எங்கள் பணியிடங்களுக்குக் களையெடுக்க வருபவர். பாம்பின் போக்கைத் தடத்தைக் கொண்டே சொல்லக்கூடியவர். தம் பெயரை எங்கும் எழுத வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டதால், எல்லாரும் அழைத்தபடி அக்கா என்றே குறிக்கிறேன். அவர் வந்து நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். பாறைத் தோட்டத்தின் முன் நின்று சிரிக்கத் தொடங்கினார்.

"இன்னா சார் இது? கல்லு அடுக்கி வூடு கட்டிக் குடுத்துக்கீற. பக்கத்துலயே தவளைக்குக் குட்டையும் வெட்டிக் குடுத்துக்கீற. அது ஏன் சார் போவும்? நானா இருந்தாலும் போவமாட்டேன்."

அவை போய்விட வேண்டும் என்பதற்காகத்தானே புதரையெல்லாம் அழித்தேன் என்றேன்.

"அதுங்க வூட்டைப் பிரிச்சிட்டு போ போன்னா எங்க போவும்? அங்க எடமில்லன்னா இங்கதான் வரும்."

என் திறமையை மெய்ப்பிக்கும் எண்ணத்தில் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். வீட்டார் நடக்கும் வழி, வண்டி வரும் வழி, மழைநீர் வடியும் வழி என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார். பிறகு, "இதுல பாம்பு போற வழி எது?" என்றார்.

தோழர்களே, பட்டயம் பெற்று, பத்தாண்டு பணி செய்து, பலருடைய பாராட்டையும் பெற்ற பின் எனக்கு இடப்பட்ட வினா இது. வரைபடத்தில் அப்படியொரு வழியை நான் வரைந்திருக்கவே இல்லை. காட்டுக்குள் வீடு கட்டுகிறவன் ஒரு குடியிருப்புக்குள் இன்னொரு குடியிருப்பைச் செருகுகிறான். முன்பே இருப்பவர்களுக்கு இடமும் வழியும் ஒதுக்காத வரைபடம் எத்தனை அழகாக இருந்தாலும் அரை வரைபடமே.

அக்காவின் திட்டம் மூன்று செயல்களில் அடங்கியது. வடக்குக் கோடியை அப்படியே விட்டுவிடு. பட்ட கிளையும் சருகும் போட்டுப் புதரை மறுபடி வளரவிடு. வீட்டைச் சுற்றி அகலமாக ஆற்று மணலைக் கொட்டி நாள்தோறும் பெருக்கு. இரவு யார் வந்து போனார்களென்று மணலே சொல்லும். கல்லை வீட்டுப் பக்கத்திலிருந்து மெதுவாகப் பிரித்து வடக்குப் பக்கத்தை மட்டும் திறந்து வை. உள்ளே இருப்பவை தாமே போய்ச் சேரும். குளத்தையும் அங்கேயே மாற்றச் சொன்னார். பறவைகள் வருவதற்காக இந்த மாற்றம் என்று டீச்சரிடம் விளக்கினோம். அவர் எதுவும் கேட்காமல் "சரி" என்றார்.

புதர் தானாகத் துளிர்க்கும். சருகு எங்கிருந்து வரும்? மிதிவண்டியில் முடிச்சூருக்குப் போய், அனுப்பிய சருகில் மீதியிருப்பதைத் திருப்பித் தர முடியுமா என்று அந்த உழவரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாட்டைத் திருப்பிக் கேட்டவன் உண்டு, வண்டியைத் திருப்பிக் கேட்டவன் உண்டு. சருகைத் திருப்பிக் கேக்குற ஆளை இன்னைக்குத்தான் சார் பாக்குறேன்" என்றார். ஆயினும் தந்தார். தம் பிழையைத் தாமே சுமந்து திரும்பும் வாய்ப்பு நம் தொழிலில் பலருக்குக் கிடைப்பதில்லை.

ஆடி மாத வாக்கில் வடக்குக் கோடி பசுமையாக மூடிக்கொண்டது. காலையில் மணலைப் படித்து, "நேத்து ஒண்ணு அந்தாண்ட போச்சு, திரும்பல" என்று அக்கா சொல்வார். பாறைத் தோட்டத்தின் அடிவரிசை மட்டும் மிச்சம். இந்த நேரத்தில், புது வீட்டுக்கு நன்றி செலுத்தும் ஸ்தோத்திர ஜெபத்துக்கு டீச்சர் நாள் குறித்தார். புரசைவாக்கத்திலிருந்து சபையார் நாற்பது பேர் வருவதாக ஏற்பாடு.

கூட்டம் முடியும்வரை அடிவரிசையைத் தொட வேண்டாமென்று அக்கா சொல்லியிருந்தார். பாதி இடிந்த கற்குவியலை விருந்தினர் பார்த்தால் என் பெயர் என்னாகும் என்று எண்ணி, அன்று காலையிலேயே ஆட்களை வைத்து முக்கால் பங்கை அகற்றினேன். நாற்காலிகள் போட அகலமான, தூய்மையான இடம் வேண்டும். மணல்வெளியைத் தவிர வேறு இடமில்லை. அதிலேயே போட்டேன். பாம்புக்கென்று அத்தனை பாடுபட்டு அமைத்த வழியின் குறுக்கே நாற்பது நாற்காலிகளை நானே வரிசையாகப் போட்டிருக்கிறேன் என்பது கடைசி நாற்காலியைப் போட்டபோதும் எனக்குத் தோன்றவில்லை.

மாலை நான்கு மணிக்குப் பாட்டு முடிந்து, போதகர் ஜெபத்தைத் தொடங்கினார். எல்லாரும் கண்களை மூடினார்கள். அழையாமல் வந்து பின்வரிசையின் ஓரத்தில் அமர்ந்திருந்த தரகர், எல்லாரையும்விட அழுத்தமாக மூடிக்கொண்டார். எனக்கு அப்பழக்கம் இல்லாததால் நான் நாவல் மரத்தடியில் கண் திறந்தபடி நின்றேன். அப்போது எஞ்சியிருந்த கற்களுக்கு அடியிலிருந்து ஒரு சாரைப் பாம்பு வெளிப்பட்டது. ஆறடி என்று ஞானராஜ் எழுதியதை மிகை என்று நினைத்திருந்தேன். அதற்காக அந்தக் கணத்தில் மனத்துக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அது ஒருகணம் தலையை உயர்த்திக் கூட்டத்தைப் பார்த்தது. பின் பின்வரிசைக்கு அப்பால் மணலில் இறங்கியது. என் வாய் திறந்துவிட்டது. குரல் கொடுத்தால் நாற்பது பேர் எழுவார்கள். அவர்களில் பாதிப்பேர் முதியோர். நஞ்சில்லாத பாம்புதான். ஆனால் மிரண்ட பாம்புக்கும் மிரண்ட கூட்டத்துக்கும் நடுவில் யார் விழுவார், எதன்மேல் விழுவார் என்று சொல்ல முடியாது. தரகர் கண் திறப்பார். டீச்சர் திரும்பிப் பார்ப்பார். மரத்தின் மறுபக்கம் நின்ற அக்கா, உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் காட்டி அழுத்தினார். திறந்த வாயை மூடினேன். முப்பதாண்டுப் பணியில் நான் செய்த மிகச் சரியான செயல் அதுதான் என்று கருதுகிறேன்.

ஞானராஜும் கண்களைத் திறந்தே வைத்திருந்தார். போதகரின் குரல் முடிவை நோக்கித் தாழ்வதை அவர் உணர்ந்தார். ஜெபம் முடிந்தால் எல்லாரும் கண் திறப்பார்கள். பாம்போ பாதி வழியில் இருந்தது. "ஸ்தோத்திரம்" என்று உரக்கச் சொன்னார். போதகர் உற்சாகமடைந்து மரங்களுக்காக நன்றி கூறினார். ஞானராஜ் இன்னும் உரக்க, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றார். போதகர் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் போனார். பாம்பு தரகரின் நாற்காலிக்கு ஒரு முழத் தொலைவில், அவருடைய செருப்பை முகர்ந்து பார்ப்பதைப் போல நின்றது. அந்த மனிதர் ஒரு கண்ணை மட்டும் திறந்திருந்தால் போதும், காடு முழுவதும் அவருடையதாகியிருக்கும். அவரோ உதடுகள் அசைய உருக்கமாக வேண்டிக்கொண்டிருந்தார். எதை வேண்டினார் என்பது எனக்குத் தெரியும். கேட்டது காலடியில் வந்து நின்றதுதான் அவருக்குத் தெரியவில்லை.

டீச்சர் எப்படி இருக்கிறாரென்று முன்வரிசையைப் பார்த்தேன். அவர் கண்களும் திறந்திருந்தன. சற்றே பக்கவாட்டில் திரும்பி, தேர்வு அறையில் மாணவியரைக் கண்காணிப்பவரைப் போல, பாம்பை ஒவ்வொரு நாற்காலியாகப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார். முகத்தில் அச்சத்தின் சுவடே இல்லை. வால் வடக்குப் புதருக்குள் மறைந்ததும் கண்களை மூடி, "ஆமென்" என்றார். அதற்குப் பிறகுதான் போதகர் முடித்தார்.

தேநீர் வழங்கும்போது டீச்சர் என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அழைத்தார்.

"நான் கண்ணைத் தொறந்திருந்தது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. அவருக்குத் தெரியாதே?"

தெரியாதென்றேன். ஞானராஜ் பாம்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். முதன்முதலில் எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"வந்த ரெண்டாம் நாளே. துணி காயப்போடப் போனேன். கொடிக்குக் கீழ போச்சு. நானும் நின்னேன், அதுவும் நின்னுச்சு. அப்புறம் ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிட்டோம்."

அப்படியானால் அந்த நிபந்தனை எதற்கு என்றேன்.

"சார், இவரு பல்லியைப் பாத்தாலே நாற்காலி மேல ஏறுற ஆளு. முப்பது வருஷமா தொடப்பத்தோட நிக்கறது நான்தான். ஆனா காட்டுக்குள்ள வீடு வேணும்னு ஆசை. முதல் பாம்பைப் பாத்ததும் இவர்தான் ஓடியிருப்பாரு. அப்புறம் அந்த புரோக்கர் வந்து எல்லாத்தையும் வெட்டியிருப்பான். எனக்கு பயம்னு சொன்னா, என்னைக் காப்பாத்தறதுக்காவது இவரு நின்னு பாப்பாருன்னு தோணுச்சு. இப்ப பாருங்க, பாம்பை அடி கணக்குல அளந்து உங்களுக்கு கார்டு போடறாரு."

அட்டைகள் அவருக்கு எப்படித் தெரியும் என்று திகைத்தேன்.

"கார்டுதானே சார் போடறீங்க, கவரா? போஸ்ட்மேனும் படிச்சாரு, நானும் படிச்சேன். விருந்தாளியை அடிக்க வேண்டாம்னு எழுதறீங்க. எந்த ஊர்ல சார் விருந்தாளியை அடிப்பாங்க?"

வாழ்நாள் முழுவதும் அஞ்சல் துறையில் பணியாற்றிய ஒருவருக்கு, அஞ்சலட்டையை யாரும் படிக்கலாம் என்பது தோன்றவில்லை. பிறர் அட்டையைப் படிக்கக் கூடாது என்ற ஒழுங்கிலேயே ஊறிப்போனவர் அவர். பாம்பில்லாத தோட்டத்தை அமைத்துத் தர இயலவில்லையே என்று நான் வருத்தம் தெரிவித்தேன்.

"முதல் தோட்டத்துலயே பாம்பு இருந்துச்சு சார். ஆண்டவரே போட்ட தோட்டம் அது. நீங்க எம்மாத்திரம்?" என்று சொல்லிவிட்டு, கணவரிடம் எதுவும் சொல்லக் கூடாதென்று என்னிடம் வாக்குப் பெற்றார். இன்றுவரை காத்தேன்.

ஓராண்டு முடிந்த பொங்கலன்று, தரகரும் வாயிலில் நிற்க, டீச்சர் தம் தீர்ப்பைச் சொன்னார்: "இந்த ஒரு வருஷத்துல எந்தப் பாம்பாலயும் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை." பொய் சொல்லாத ஆசிரியர், சொற்களை எண்ணி வைத்தார். தரகர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். அதன்பின் அப்பக்கம் அவர் வரவில்லை.

இதிலிருந்து நீங்கள் பாம்பை அலட்சியமாக எண்ணலாம் என்று பொருள் கொள்ளாதீர்கள். அதே புதரில் நல்ல பாம்பும் விரியனும் இருந்தன. விளக்கின்றி அங்கே யாரும் நடந்ததில்லை. நான் சொல்ல வருவது வேறு. வீட்டுக்காரர் எதற்கு அஞ்சுகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளும்போது, கணவரையும் மனைவியையும் தனித்தனியே கேளுங்கள். உரக்கச் சொல்லப்படும் அச்சம் சில வேளைகளில் வேறொருவருடையதாக இருக்கும். அந்த முதல் நாளிலேயே டீச்சரிடம் தனியே கால் மணி நேரம் பேசியிருந்தால், ஒரு லாரிச் சருகும் முடிச்சூர்ப் பயணமும் மிச்சமாகியிருக்கும்.

ஞானராஜின் அட்டைகள் பல ஆண்டுகள் வந்தன. வரவர அவற்றில் பதற்றம் குறைந்து, உரித்த சட்டையின் நிறம், குட்டிகளின் எண்ணிக்கை என்று நுட்பமான செய்திகள் கூடின. கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது வடக்குப் புதரின் ஓரத்தில் நாற்காலி போட்டுத் தனியே உட்கார்ந்திருந்தார். என்னை அருகே அழைத்து, வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னார்: "எஸ்தர் ரொம்ப பயந்த சுபாவம் சார். நான் இல்லைன்னா இந்தக் காட்டுல ஒரு நாள் இருக்கமாட்டா."

ஆம் என்றேன்.

நினைவை மட்டும் துணைகொண்டு எழுதியதால் இதில் பிழைகள் இருக்கலாம். மரங்களின் பெயர்களில் தவறிருந்தால் செம்பாக்கத்துப் பழைய குடும்பத்தார் திருத்த வேண்டும். பாம்பைப் பற்றிய பிழைகளை அக்காவின் மக்கள் திருத்த வேண்டும். அன்று ஜெபத்தில் கண் திறந்திருந்தவர்கள் நால்வர் என்று எழுதியிருக்கிறேன். ஐந்தாவதாக ஒருவர் இருந்து, பார்த்தும் பேசாதிருந்தால், அவர் எனக்கு எழுதித் தெரிவிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்; நன்றி கூறுவதற்கு அவர் பெயர் எனக்குத் தேவைப்படுகிறது.